ஒரு மணிக்கு ஒரு சொட்டு (5-க்கு 4 ஸ்டார்)

நாற்று நடும்போது வலது கண்ணில் சேறு தெறித்தது. வாய்க்கால் தண்ணீரிலேயே கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன். நாலாம் நாள் கண் சிவந்து ஊசி குத்துகிற மாதிரி வலி. மருந்துக்கடையில் கொடுத்த சொட்டில் சிவப்பு குறைந்தது, அப்புறம் வலி இரட்டிப்பானது. அடுத்து பார்த்த டாக்டர் அக்கி வைரஸ் என்று மாத்திரை எழுதினார். அவரையும் குறை சொல்ல முடியாது, ஆரம்பத்தில் அக்கியும் எனக்கு வந்திருந்த அமீபாக் கிருமியும் ஒரே மாதிரிதான் தெரியுமாம்.

இப்படியே மூன்று வாரம் ஓட்டிவிட்டுத்தான் மதுரைக்கு, இந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கார்னியா (கருவிழி) பிரிவில் மூன்று மணி நேரம் காத்திருப்பு. வெளிச்சம் பட்டாலே கண் கூசுகிறவர்களை ஜன்னலுக்கு எதிரே உட்கார வைக்கிறார்கள். ஒரு ஸ்டார் போனது அதற்குத்தான்.

உள்ளே இருந்த டாக்டரம்மா, "புண்ணு இத்துனூண்டு, வலி இவ்வளவா?" என்று யோசித்தார். கான்டாக்ட் லென்ஸ் போடுவீர்களா என்று கேட்டார். மம்பட்டி பிடிக்கிறவன் என்றேன். லென்ஸ் போடாமலேயே மண்ணும் அழுக்குத் தண்ணீரும் பட்டு நம் பக்கம் நிறையப் பேருக்கு இது வருகிறதாம். மரக்கும் சொட்டு விட்டு, கருவிழியை லேசாகச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். சாயங்காலமே பதில் வந்துவிட்டது: அகந்தமீபா, மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற ஒரு அமீபா. மீதியை ஒரு தட்டில் பாக்டீரியாவைத் தீனியாகப் போட்டு வளர்த்தும் பார்ப்பார்களாம். என் கண்ணில் இருந்ததற்கு விருந்து வேறு!

இந்த அமீபா ஆபத்து வந்தால் இரட்டைச் சுவர் கூட்டுக்குள் புகுந்துகொள்ளும். சாதாரணச் சொட்டெல்லாம் அதைத் தொடாது. பிஎச்எம்பி, குளோர்ஹெக்சிடின் என்று இரண்டு சொட்டு, இரண்டுமே 0.02 சதவீதம். முதல் இரண்டு நாள் ராத்திரி பகல் பாராமல் மணிக்கு ஒரு தரம். முதல் ராத்திரி சிஸ்டர் என்னை எழுப்பி எழுப்பி ஓய்ந்தார். மறுநாள் ராத்திரி அவர் வருவதற்குள் நானே கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். முகம் சுளிக்கவே இல்லை, அந்தப் பிள்ளை.

பிறகு வீட்டில் ஐந்து மாதம். நடுவில் வலி போனதும் நிறுத்தப் பார்த்தேன், கூட்டுக்குள் இருப்பது திரும்ப வெளியே வரும் என்று திட்டு விழுந்தது. இப்போது லேசாக ஒரு வெள்ளைத் தழும்பு, பார்வை கொஞ்சம் மங்கல். இன்னும் தாமதித்திருந்தால் கருவிழியையே மாற்ற வேண்டி வந்திருக்கும் என்றார்கள்.

போகிறவர்கள் கருப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் போட்ட சொட்டு பாட்டிலையும் எறியாமல் கொண்டு போங்கள். கடைக்காரர் கொடுத்தது சிவப்பை மட்டும் அடக்குகிற, கிருமியைக் கொல்லாத ஸ்டீராய்டு என்பதே என் பாட்டிலைப் பார்த்துத்தான் தெரிந்தது.