ஸ்டீரியோஃபைல் இதழ்: தேர்வுக்குப் பின்னால் உள்ள கணக்கு

உயர்விலை ஒலிக்கருவி வாங்க நினைப்பவர்களில் பலர், ஸ்டீரியோஃபைல் என்ற அமெரிக்க மாத இதழின் மதிப்புரையைக் கடைசிச் சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மதிப்புரைகள் நேர்மையானவையா என்ற விவாதம் ஓயாமல் நடக்கிறது. ஆயிரக்கணக்கான கருவிகளில் இந்த ஒன்று மட்டும் மதிப்பீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்பவர்கள் குறைவு. இதழின் பலம், பலவீனம் இரண்டுமே அந்தக் கேள்வியில்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

விளம்பரதாரர்களின் மனம் கோணாதபடி எழுதும் வழக்கத்தில் வெறுப்புற்று, ஜே. கோர்டன் ஹோல்ட் 1962-இல் இந்த இதழைத் தொடங்கினார். இன்று அதன் பக்கங்களை நிறைப்பவை, அது மதிப்பிடும் அதே நிறுவனங்களின் விளம்பரங்கள். இதைக் கொண்டு, பணம் கொடுத்தவருக்குப் பாராட்டு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் நல்ல பெயர் யாருக்குக் கிடைக்கும் என்பதை விளம்பரத்தைவிடத் தேர்வு முறையே அதிகம் தீர்மானிக்கிறது.

1986 முதல் 2019 வரை ஆசிரியராக இருந்த ஜான் அட்கின்சன் காலத்தில், முழு மதிப்புரைக்கு ஒரு கருவியை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் அது அமெரிக்காவில் குறைந்தது ஐந்து டீலர்களிடம் விற்பனையில் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. வாசகர் நேரில் கேட்டுப் பார்க்க முடியாத பொருளையும், நாளை காணாமல் போகக்கூடிய நிறுவனத்தையும் விலக்கி வைப்பதற்கான ஏற்பாடு அது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் டீலர் இல்லாமல், தன் பட்டறையிலிருந்து நேரடியாக விற்கும் சிறு தயாரிப்பாளருக்கு இந்த விதியே பெரிய தடையாக இருந்தது.

அடுத்த சல்லடை மதிப்பீட்டாளரின் ஆர்வம். சிகாகோ அருகே நடக்கும் ஆக்ஸ்போனா போன்ற கண்காட்சிகளில் காதைக் கவர்ந்த கருவியைத்தான் அவர் மாதக்கணக்கில் வீட்டில் வைத்துக் கேட்க விரும்புவார். காதுக்குப் பிடிக்காதது அங்கேயே நின்றுவிடுகிறது. மதிப்புரைகளில் பாராட்டு மிகுந்திருப்பதற்கு இதுவே பெரிய காரணம். இதில் சதி எதுவும் தேவையில்லை. கருவி இரவலாகத்தான் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விலையுயர்ந்த ஒரு ஜோடி ஸ்பீக்கரை நீண்ட நாள் விற்காமல் கொடுத்து வைக்க எல்லா நிறுவனங்களாலும் முடியாது.

இந்தச் சாய்வுக்கு மருந்தாக அமைவது, கருவியின் செயல்திறனைச் சோதனைச் சாதனங்களால் அளந்து வெளியிடும் அளவீட்டுப் பகுதி. கேட்டு எழுதுபவர் தன் கட்டுரையை ஒப்படைத்த பிறகே அளவீடுகளைப் பார்க்கிறார் என்பது இதழின் மிகச் சிறந்த ஏற்பாடு. 2004-இல் ஜோடி 3,50,000 டாலர் விலையுள்ள வாவாக் எஸ்எச்-833 வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையரை இதழின் மதிப்பீட்டாளர் மைக்கேல் ஃப்ரெமர் ரசித்துக் கேட்டு எழுதினார். அதே மதிப்புரையோடு வெளியான அட்கின்சனின் அளவீடுகளோ அந்த விலைக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு மோசமாக இருந்தன. இரண்டையும் ஒரே இதழில் அச்சிடும் துணிச்சல் பல பத்திரிகைகளுக்கு இல்லை. தயாரிப்பாளர்களின் மறுமொழிகளை வெளியிடும் பகுதியையும் தவறவிடக் கூடாது. அளவீடு சரியில்லாத மாதங்களில் அதுவே சுவாரசியமான பக்கம்.

ஆண்டுக்கு இருமுறை வரும் 'பரிந்துரைக்கப்பட்ட கருவிகள்' பட்டியலை மட்டும் கவனமாகப் படிக்க வேண்டும். இதழில் மதிப்பிடப்பட்ட கருவிகளுக்கே அதில் இடம் உண்டு. எனவே ஒரு பெயர் அதில் இல்லை என்றால் அது மட்டமான கருவி என்று பொருளாகாது. உற்பத்தி நின்றுபோனாலும், அண்மை ஆண்டுகளில் இதழைச் சேர்ந்த யாரும் மறுபடி கேட்காமல் விட்டாலும், தர வரிசையில் உயர்ந்த வகுப்பில் இருந்த கருவிகூடப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். ஆகையால் பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்குபவர், இப்போதைய பட்டியலை ஒதுக்கிவிட்டு, அந்தக் கருவியின் முதல் மதிப்புரையை அளவீடுகளோடு தேடிப் படிப்பதே நல்லது.