மொறிஸ் மைனர் கிராங்: கிரைண்ட் பண்ணுவதா, ஷெல் மட்டும் மாற்றுவதா?

யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடுகிற மொறிஸ் மைனர்களில், எஞ்சின் ஒருமுறைகூடக் கழற்றப்படாதது அபூர்வம். தொண்ணூறுகளின் தடைக்காலத்தில் கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி ஒயிலில் கலந்தால் ஒயில் நீர்த்துவிடும். அந்த அடியைப் பேரிங்தான் வாங்கும்; அதாவது கிராங் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) சுழலும் இடத்தில் இருக்கிற, ஷெல் என்ற மெல்லிய அரைவட்ட உலோகத் துண்டுகள். அதனால் உங்கள் கிராங் ஏற்கெனவே எத்தனை தடவை கிரைண்ட் ஆகி (தேய்த்துச் சிறிதாகி) இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

அதற்கு விடை பழைய ஷெல்லின் முதுகிலேயே இருக்கும். 010, 020 என்று பொறித்திருந்தால் அது அண்டர்சைஸ், அதாவது கிராங்கை அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20 பங்கு சிறிதாக்கியதற்கான ஷெல். முகத்தையும் பாருங்கள். வெள்ளை உலோகம் தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் ஷெல் முடிந்தது. நீளக் கீறல்கள் ஒயிலில் அழுக்கு ஓடியதற்கு அடையாளம். ஷெல்லின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் கொன்றொட் (பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் தண்டு) வளைந்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் எந்த ஷெல் போட்டாலும் காசுக்குக் கேடு.

ஷெல் மட்டும் மாற்றினால் செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் கிராங் உருண்டையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜேர்னலையும் (கிராங்கில் ஷெல் பிடிக்கும் உருளைப் பகுதி) மைக்ரோமீற்றரால் இரண்டு திசையில் அளந்து பாருங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் இந்த வழியை விட்டுவிடலாம். முட்டை வடிவ ஜேர்னலில் புது ஷெல் போட்டால் ஒயில் படலம் சீராக நிற்காது, தட்டும் சத்தம் திரும்பி வரும். அளவு சரியென்றால், பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழை) வைத்து இடைவெளியைப் பார்க்கலாம். பிக் என்டில் (கொன்றொட் கிராங்கைப் பிடிக்கும் முனை) 0.001 முதல் 0.0025 அங்குலம் வரை இருந்தால் நல்லது.

கிரைண்ட் பண்ணினால் செலவும் காத்திருப்பும் கூடும், ஆனால் ஜேர்னல் மறுபடி உருண்டையாகும். பிரச்சினை என்னவென்றால் 10, 20, 30, 40 என்று நான்கு படிதான். நாற்பதைத் தாண்டினால் வேறு கிராங் தேட வேண்டும். லேத்காரர் ஜேர்னலின் ஓரத்து வளைவை விட்டுவைக்காமல் கூர்மையாக வெட்டினால், பிறகு அங்கேதான் முறியும். வேலை முடிந்ததும் ஒயில் துவாரங்களைக் கழுவி ஊதாவிட்டால் கிரைண்டிங் தூளே புது ஷெல்லைக் கீறும்.

கப்பை (பேரிங்கின் மூடியை) அராவி இறுக்குவது, ஷெல்லுக்கு அடியில் தகடு வைப்பது என்று மூன்றாவது வழி ஒன்றையும் சொல்வார்கள். அதைக் கதைக்கவே வேண்டாம்.

என் கணக்கில், ஸ்டாண்டர்ட் அல்லது பத்தில் நிற்கிற, தேய்ந்த கிராங்கைத் தயங்காமல் கிரைண்ட் பண்ணலாம். முப்பதில் நின்று அளவும் சரியாக இருந்தால் பொலிஷ் போட்டு அதே அளவு ஷெல்லே போதும்; கடைசிப் படியைச் சும்மா செலவழிக்கக் கூடாது. எப்படியானாலும் முதலில் ஷெல் செற்றைக் கையில் வாங்குங்கள், பிறகு கிராங்கை லேத்துக்குக் கொடுங்கள். இருபதுக்கு வெட்டிய பிறகு கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் முப்பது செற்தான் இருக்கிறதென்றால், வெட்டியதை மறுபடி வெட்ட வேண்டிவரும்.