சாரல் ஊரில் சுருட்டுக்கு ஒரு ஐஸ் பெட்டி: பதினாலு மாத அனுபவம்

செங்கோட்டையில் ஜூன் பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்றில் தீப்பெட்டிகூட நமத்துப் போகும். அதே வீட்டில் மார்ச் வந்தால் கதவுப் பலகை சுருங்கி இடுக்கு விடும். மரக்கடையில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பலகை ஈரம் குடித்து ஊதுவதும், விட்டுச் சுருங்குவதும் தினமும் பார்ப்பதுதான். சுருட்டுக்கும் அதே குணம் என்று புரிய ஒரு பெட்டி பாழாக வேண்டியிருந்தது.

மச்சினன் ஷார்ஜாவிலிருந்து ஊருக்கு வரும்போது 25 கியூபா சுருட்டுகள் கொண்ட பெட்டி ஒன்று கொண்டுவந்து தந்தான். காய்ந்துவிடக் கூடாதே என்று பீரோவுக்குள் ஒரு கிண்ணத்தில் ஈரப் பஞ்சும் சேர்த்து வைத்தேன். ஜூலைக் கடைசியில் திறந்தால் பதினொன்றின் மேல் நீலம் பாய்ந்த பூசணம். அவன் ஆசையாகக் கொண்டுவந்தது. வெகுநாள் மனசு ஆறவில்லை.

அதற்கு அடுத்த வருடம் மே மாதம் 26 லிட்டர் ஐஸ் பெட்டி ஒன்று வாங்கினேன். மீன் ஏற்றிய பழைய பெட்டி பாதி விலைக்குக் கிடைத்தது, தொடவில்லை. புகையிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். புதுப் பெட்டியிலும் பிளாஸ்டிக் வாடை இருந்தது. சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, ஐந்து நாள் நிழலில் திறந்து போட்ட பிறகுதான் போனது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடிப் பார்த்தேன். மூடி ஓரத்தில் வெளிச்சம் இல்லை; தண்ணீர் வடியும் துளையில் மட்டும் மெல்லிய கீற்று. ஒரு ரப்பர் வாஷர் போட்டு அடைத்தேன்.

ஈரத்தைக் காப்பது போவேடா பாக்கெட். 60 கிராம் எடை, 65 சதவீத ஈரப்பதம் என்று அச்சிட்டது. உள்ளே இருப்பது செறிந்த உப்புக் கரைசல். உறை வழியாக நீராவி மட்டும் போகும், வரும். காற்று காய்ந்தால் ஈரம் விடும், மிஞ்சினால் இழுத்துக்கொள்ளும். எங்கள் ஊருக்கு இந்த இரண்டாவது வேலைதான் பெரிது. ஈரப் பஞ்சுக்குக் கொடுக்க மட்டும்தான் தெரியும். 25 சுருட்டுக்கு ஒரு பாக்கெட் என்பது கணக்கு. நான் ஐம்பதுக்கு மூன்று போட்டிருக்கிறேன். 69 சதவீதத்திலும் கிடைக்கிறது, நிறையப் பேர் அதையே சொல்வார்கள். வெக்கை உள்ள வீட்டில் 65 போதும் என்பது என் தீர்மானம்.

ஈரப்பதம் அளக்கும் ஹைக்ரோமீட்டரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் உப்பு போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஜிப் கவரில் ஒரு நாள் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். நான் ஆன்லைனில் வாங்கியது 81 காட்டியது. ஆறைக் கழிக்க வேண்டும் என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிட்டேன்.

அப்புறம் பலகை. சுருட்டுப் பெட்டிக்குப் பேர்போன ஸ்பானிஷ் சிடார் உண்மையில் தேவதாரு வகையே இல்லை, வேப்பங் குடும்பம். நம் மலையில் வளரும் சந்தன வேம்பும் அதே குடும்பம்தான்; முன்பு தாவரவியலில் அதற்கும் செட்ரெலா என்றே பெயர் இருந்தது. கடையில் விழுந்த துண்டுகளில் நன்றாகக் காய்ந்ததாக எடுத்து, பாலிஷ் போடாமல் இரண்டு தட்டு செய்தேன். இழைத்தபோது கிளம்பிய மணம் இன்னும் பெட்டிக்குள் நிற்கிறது. உறையூரிலிருந்து தாய்மாமா அனுப்பும் சுருட்டை இதில் சேர்ப்பதில்லை. அது இரண்டு முனையும் திறந்தது, காட்டமும் ஜாஸ்தி, தனி டப்பாதான்.

இந்தப் பெட்டி எதையும் குளிரவைக்காது, அதை மனதில் வையுங்கள். வெளியே ஏறி இறங்கும் வெப்பம் உள்ளே சட்டென்று எட்டாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. மூடிய காற்று திடீரென்று குளிர்ந்தால் ஈரப்பதம் எகிறும் என்பதால் அதுவே பெரிய உதவி. வெயில் ஏறும் மாடியில் வைக்காமல் நடு அறையில், தரையோடு வைத்திருக்கிறேன். ஐஸ் கட்டி போட்டுக் குளிர்விக்க நினைக்காதீர்கள், உள்ளே வியர்த்துவிடும். 24 டிகிரிக்கு மேல் போனால் புகையிலை வண்டு பொரிக்கும் பயம் உண்டு. குண்டூசி குத்தியதுபோல் ஓட்டை விழும். அதனால் புதிதாக வரும் சுருட்டை ஜிப் கவரில் கட்டி ஃப்ரீசரில் மூன்று நாள், கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்துவிட்டு, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே உள்ளே விடுகிறேன்.

போன வாரம் நல்ல சாரல். மீட்டரை வெளியே எடுத்து ஜன்னலோரம் வைத்தேன், கழித்தது போக 90. திரும்ப உள்ளே போட்டு மூடி, மறுநாள் காலையில் பார்த்தேன்: 66. ஒரு சுருட்டை எடுத்து இரண்டு விரலால் மெல்ல அழுத்தினேன். மேல் இலை நொறுங்கவில்லை, பிசுபிசுக்கவும் இல்லை. அமுங்கி, விரலை எடுத்ததும் மெதுவாக எழும்பியது.

ஏப்ரலில் இரண்டு பாக்கெட் கல் மாதிரி இறுகிப்போய் மாற்ற வேண்டி வந்தது. அடுத்த தடவை பிப்ரவரியிலேயே இரண்டு கூடுதலாக வாங்கி வைக்கப் போகிறேன்.