காசிமேடு இன்ஜின் ஒர்க்‌ஷாப்: பம்ப்பைக் கழற்றாமலே பழுதைப் பிடித்தவர்

விசைப்படகு இன்ஜின் இழுக்கவில்லை என்று போய் நின்றால் உடனே ஸ்பானரைத் தூக்காத மெக்கானிக் வேண்டுமா, சென்னை காசிமேட்டில் இருக்கிற இந்தச் சின்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். பெயர்ப் பலகையெல்லாம் கிடையாது. மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே ஐஸ் கடைகளைத் தாண்டினால் வாசலில் ஒரு துருப்பிடித்த கியர்பாக்ஸ் கிடக்கும், அதுதான் அடையாளம்.

எங்கள் படகில் இருப்பது ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளும் கரையேற்ற எங்கள் முறை வராமல் படகு தண்ணீரிலேயே நின்றது. அப்புறம் கடலுக்குப் போனால் வேகமே இல்லை, வலை இறக்கினால் இன்னும் மோசம், பின்னால் ஒரே கரும்புகை. வேறொரு இடத்தில் கேட்டோம். படகைப் பார்க்காமலே டீசலை அனுப்பும் பம்ப், அதை இன்ஜினுக்குள் பீய்ச்சும் நாசில் எல்லாம் கழற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள், மயக்கம் வராத குறை.

காசிமேட்டு மெக்கானிக் நேரில் வந்து முதலில் கேள்விதான் கேட்டார். வேகம் திடீரென்று விழுந்ததா, கொஞ்சம் கொஞ்சமாகவா? புகை என்ன நிறம்? வெள்ளை என்றால் எரியாத டீசலோ உள்ளே இறங்கும் தண்ணீரோ, நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றதும், "டீசல் பத்தலைன்னா இப்படிக் கறுக்காதுப்பா. ஒண்ணு காத்து பத்தலை, இல்ல சுமை ஜாஸ்தி. நாசிலைக் கடைசியா பாப்போம்" என்றார். பம்ப்பில் இருக்கிற லீவர் முழு த்ராட்டிலில் ஸ்டாப்பர் வரை போய் முட்டுகிறதா என்று பார்த்தார், கேபிள் தளர்ந்திருந்தாலும் வேகம் வராதாம். சரியாகவே இருந்தது.

நியூட்ரலில் இன்ஜின் ஜம்மென்று ஏறியது, கியர் போட்டால் பாதியில் திணறியது. ஆனால் நியூட்ரலில் ஏறுவதை வைத்து டீசல் லைன் நல்லது என்று முடிவு கட்ட முடியாது, சுமை இல்லாதபோது கொஞ்சம் டீசலே போதும். அதனால் ஒரு கேனில் நல்ல டீசல் ஊற்றி, உறிஞ்சும் ஹோஸையும் ரிட்டர்ன் ஹோஸையும் அதிலேயே விட்டு ஓட்டிப் பார்த்தார். வித்தியாசமே இல்லை, ஆக டேங்க், அதன் காற்றுத் துளை, அங்கிருந்து வரும் லைன் மூன்றும் தப்பித்தன. அடுத்து இன்ஜின் ரூம் மூடியைத் திறந்து போட்டு ஓட்டினார், ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) கொஞ்சம் ஏறியது. பார்த்தால் காற்று வரும் ஓட்டைகளைத் தார்ப்பாய் அடைத்துக்கொண்டிருக்கிறது! (பையன்கள் வேலை.)

காற்றுக் குறை தெரிந்துவிட்டது, ஆனால் சுமை எங்கே என்றுதான் எனக்குப் புரியவில்லை. இன்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றச் சொன்னார், அசையவே மாட்டேன் என்கிறது. ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் கடல்நீர் உள்ளே வராமல் அடைக்கும் கிளாண்ட் பாக்கிங்கை யாரோ இறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். ஓடும்போது அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிய வேண்டும், எங்களுடையது எலும்பு மாதிரிக் காய்ந்து கையைச் சுட்டது. அதைத் தளர்த்திவிட்டுத் தண்ணீரில் முங்கும் ஆளை இறக்கினார். ஷாஃப்டில் நைலான் வலை நூல் சுற்றி இறுகியிருந்தது, ப்ரொப்பெல்லர் பிளேடு முழுக்கக் கொட்டலசு, அதாவது ஒட்டி வளரும் ஓட்டுயிர். பிளேடு சொரசொரப்பானால் அதைச் சுற்றவே இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும், ஆனால் படகு நகராது. படகின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் கொட்டலசும் இழுத்துப் பிடிக்கும். சுரண்டி எடுத்த பிறகு பழைய ஆர்பிஎம் வந்துவிட்டது, புகையும் நின்றது. நாசில் இன்னும் கழற்றப்படாமல் அப்படியே இருக்கிறது.

செலவு, பம்ப் கழற்றச் சொன்னவர்கள் கேட்டதில் சின்னப் பங்குதான். முங்கியவருக்குக் கூலி தனி.

குறைகளும் உண்டு. சொன்ன நேரத்துக்கு வரவே மாட்டார். போனை எடுப்பது அவருடைய இஷ்டம். பில் கிடையாது, ஸ்பேர் நாமே வாங்கி வர வேண்டும், "ஏன்ணே லேட்டு?" என்று கேட்டால் முறைப்பு வேறு. காமன் ரயில் மாதிரி எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் ஓடும் இன்ஜின் என்றால் தன்னிடம் ஸ்கேனர் இல்லை, கம்பெனி சர்வீஸுக்குப் போ என்று அவரே சொல்லிவிடுவார். அது எனக்குப் பிடித்தது.

ஜூன் முதல் வாரத்தில் போய் நிற்காதீர்கள், கடைசி நேரக் கூட்டத்தில் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தடை தொடங்கியதுமே சொல்லி வைத்தால் கரையேற்றும் இடத்துக்கே வந்து பார்ப்பார்.