கட்டி முடித்த மாடிக்கு அனுமதி: மார்த்தாண்டத்தில் ஒரு பொறியாளர் அலுவலகத்தின் சேவை

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு வட்டத்தில் ஏழு சென்ட் நிலத்தில் இருக்கும் எங்கள் வீடு, தாத்தா காலத்து ஓட்டு வீடு. 2022-இல் ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போட்டு, மேலே இரண்டு அறைகளும் ஒரு குளியலறையும் எழுப்பினோம். “பழைய வீட்டைப் புதுக்குவதற்குப் பிளான் எதற்கு சார், தீர்வை ரசீது இருந்தால் போதும்” என்று காண்டிராக்டர் சொன்னார், நானும் நம்பினேன். சென்ற ஆண்டு தம்பியின் தொழிலுக்காக வீட்டை வங்கியில் அடமானம் வைக்கப் போனபோது, மதிப்பீட்டாளர் மாடிக்கு ஏறி அளந்து பார்த்துவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் இல்லாமல் மேல்தளத்தை மதிப்பில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். கட்டி முடித்த வீட்டுக்கு அனுமதி வாங்கித் தருகிறவரைத் தேடி அலைந்தது அதன் பிறகுதான்.

முதலில் பார்த்த ஓர் ஆலோசகர் வீட்டைப் பார்க்காமலேயே 25,000 ரூபாய் கேட்டார். விண்ணப்பிப்பவர் தாமே தரும் உறுதியை ஏற்று அனுமதி தரும், 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு இணையத்தில் உடனே அனுமதி கிடைக்கிறது; எழுப்பிவிட்ட மாடியை இனிமேல் கட்டப்போகும் மாடி என்று காட்டி விண்ணப்பித்தால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்பது அவருடைய யோசனை. எங்கள் மனை அந்த அளவைத் தாண்டியது என்பதைக்கூட அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. மனை அளவு சரியாக இருந்திருந்தாலும் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். பொய்த் தகவலில் வாங்கிய அனுமதி எப்போது வேண்டுமானாலும் ரத்தாகலாம். வங்கியில் அடமானம் இருக்கும்போது அது ரத்தானால் நிலைமை இன்னும் மோசமாகும்.

நான் இங்கே மதிப்பிடுவது, அதன் பிறகு மார்த்தாண்டத்தில் ஒரு நண்பர் காட்டிய உரிமம் பெற்ற பொறியாளரின் அலுவலகத்தை. முதல் சந்திப்பில் அவர் எந்த வாக்குறுதியும் தரவில்லை. “அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் சார், அதற்கு முன்னால் நான் சொல்வது எதுவும் சரியாக இருக்காது” என்றார். அதே சந்திப்பில், எனக்குள் குழம்பிக் கிடந்த சில விஷயங்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். சிறிய குடியிருப்புகளுக்கு, கட்டி முடித்த பிறகு வாங்கும் நிறைவுச் சான்று தேவையில்லை என்று 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் விலக்கு அளிக்கின்றன. ஊரில் பலர் இதை அனுமதியே தேவையில்லை என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். நிறைவுச் சான்றுக்குக் கிடைத்த விலக்கு கட்டிட அனுமதிக்குப் பொருந்தாது. பூச்சு, வண்ணம், தரை ஓடு மாற்றுவது போன்ற வேலைகளுக்கு அனுமதி வேண்டாம். புதிதாக ஒரு தளம் எழுப்பினால் கட்டாயம் வேண்டும். வீட்டுத் தீர்வை கட்டுவதால் மட்டும் கட்டிடம் அனுமதி பெற்றதாகிவிடாது. அனுமதியில்லாமல் நடந்ததைப் பிறகு ஏற்றுக்கொள்ளும் வரன்முறைப்படுத்தும் திட்டம் இருக்கிறதே என்று கேட்டேன். அனுமதியற்ற கட்டிடங்களுக்கான திட்டம் 2007 ஜூலை 1-க்குள் முடிந்த கட்டிடங்களுக்கானது, 2017-இல் வந்தது 2016 அக்டோபர் 20 வரையிலான அனுமதியற்ற மனைகளுக்கானது, இரண்டிலும் எங்கள் மாடி வராது என்று விளக்கினார். ஆகவே நிற்கிற கட்டிடத்தை விதிக்குள் கொண்டுவந்து, நடந்ததை நடந்ததாகவே எழுதி விண்ணப்பிப்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே வழி.

அளக்க வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டுச் சுவரை அளக்கத் தொடங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் முதலில் சர்வே கல்லைத் தேடினார்கள். நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குரோட்டன்ஸ் செடிகளுக்கு அடியில் மம்பட்டியால் ஓர் அடி ஆழம் தோண்டியபோதுதான் கிழக்கு மூலைக் கல் தெரிந்தது. கல்லுக்குக் கல் நூல் கட்டினார்கள். பிறகு மேல்தளக் குளியலறைச் சுவரிலிருந்து ஒரு தூக்குக்குண்டை இறக்கினார்கள். அந்தக் குண்டு ஆடி ஆடி நின்ற இடம், பக்கவாட்டில் காலியாக விட வேண்டிய இடத்துக்குள் 40 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. கீழ்ச்சுவரைவிட மேல்சுவர் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இரண்டு வருடமாக எங்கள் கண்ணில் படவே இல்லை. வரைபடத்தில் அந்த 40 சென்டிமீட்டரை மறைத்துவிடலாமா என்று நானே கேட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வுக்கு வருகிறவரும் இதே நூலைத்தான் கட்டுவார் என்று சொல்லிப் பொறியாளர் மறுத்துவிட்டார்.

சுவரை உள்ளே தள்ளிக் கட்டி, கான்கிரீட் விளிம்பை இயந்திரத்தால் அறுத்து, கழிவுநீர்க் குழாயை மாற்ற ஒன்பது நாள் ஆயிற்று. 42,000 ரூபாய் செலவானது. புதிதாக ஒட்டிய டைல்ஸ் சுத்தியலடியில் உதிர்ந்து விழுந்ததை அம்மா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அனுமதியை முதலிலேயே வாங்கியிருந்தால் அந்தச் சுவர் வரைபடத்திலேயே திருத்தப்பட்டிருக்கும்.

இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் அந்த அலுவலகம் நன்றாகக் கையாண்டது. எங்கள் மூல ஆதாரம், அதாவது நிலத்தின் பழைய பத்திரம், திருவிதாங்கூர் காலத்தது. முழுவதும் மலையாளத்தில் எழுதியது. 1956-இல் இந்தப் பகுதி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்ததற்கு முந்தைய ஆதாரங்கள் பல வீடுகளில் இப்படித்தான் இருக்கின்றன. அதிலுள்ள பழைய சர்வே எண்ணையும் இன்றைய பட்டாவின் எண்ணையும் பொருத்திக் காட்டாமல் விண்ணப்பிக்க முடியாது. மலையாளம் வாசிக்கத் தெரிந்த வயதான ஆதாரம் எழுத்தர் ஒருவரை அவர்களே அழைத்து வாசிக்க வைத்து, எல்லைகளைத் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை.

குறைகளும் உண்டு. 18,000 ரூபாய் என்று பேசிய கட்டணத்தில் கட்டிட உறுதிச் சான்று சேராது, அதற்கு 6,000 ரூபாய் தனி என்பதைப் பாதி வழியில்தான் சொன்னார்கள். முதல் வரைபடத்தில் எங்கள் கிணற்றைக் குறிக்காமல் விட்டுவிட்டார்கள். நான் பார்த்துச் சொல்லாமல் போயிருந்தால், கழிவுநீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம் காட்டப்படவில்லை என்று விண்ணப்பம் திரும்பியிருக்கும். வீட்டுக்கு வீடு கிணறு உள்ள ஊரில் தொழில் செய்கிறவர்கள் இதைத் தவறவிட்டிருக்கக் கூடாது. விண்ணப்பம் போன பிறகு தொலைபேசியை எடுப்பதும் அரிதாகிவிட்டது. என்ன நிலை என்று அறிய நேரில்தான் போக வேண்டியிருந்தது.

மற்றபடி வேலை ஒழுங்காகவே நகர்ந்தது. 10,000 சதுர அடிக்கும் எட்டுக் குடியிருப்புகளுக்கும் உட்பட்ட வீடுகளுக்கு உள்ளாட்சி அமைப்பே அனுமதி தருவதால் மாவட்டத் தலைநகரான நாகர்கோவிலுக்கு அலைய நேரவில்லை. ஆய்வின்போது மழைநீர்ச் சேகரிப்புக் குழி வரைபடத்தில் இல்லை என்ற ஒரே ஒரு கேள்வி வந்தது. மறுநாளே திருத்திக் கொடுத்தார்கள். அரசுக்குச் செலுத்திய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது என் பெயரிலேயே வந்தது. முதல் அளவெடுப்பிலிருந்து அனுமதி கைக்கு வர நான்கு மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலாயிற்று. வங்கி இப்போது மேல்தளத்தையும் மதிப்பில் சேர்த்துவிட்டது.

இதே நிலையில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட அலுவலகத்துக்குப் போகும்போது பட்டா, புல வரைபடம், மூல ஆதாரம், வில்லங்கச் சான்று, தீர்வை ரசீது ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கட்டணத்தில் எது சேரும், எது சேராது என்பதை முதல் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் அளக்க வருவதற்கு முன்பே சர்வே கற்களைத் தேடித் தோண்டி வைத்துவிட்டால் அரை நாள் மிச்சமாகும்.