இயோசினோஃபிலிக் ஃபேசியைடிஸ்: பிரெட்னிசோலோனை மாதக்கணக்கில் எடுக்கும்போது

தோலுக்கு அடியில் தசையைப் போர்த்தியிருக்கும் உறை வீங்கித் தடித்து, கை கால்கள் இறுகிப்போகும் அரிய நோய் இது. 1974-இல் மருத்துவர் லாரன்ஸ் ஷுல்மன் விவரித்த நாளிலிருந்து ஸ்டீராய்டுதான் முதல் மருந்து. பிரெட்னிசோலோன் அந்த வகை மாத்திரை. உடல் எடையில் கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் என்று தொடங்குவார்கள். 60 கிலோ எடைக்கு 30 முதல் 60 மில்லிகிராம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே வேளையாகப் போட்டால் இரவுத் தூக்கம் அவ்வளவாகக் கெடாது.

மருந்து கேட்கிறதா என்று பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்த நோயில் ஏறும் இயோசினோபில் என்ற வெள்ளணு ரத்தத்தில் சீக்கிரமே இறங்கிவிடும். அது ஸ்டீராய்டின் பொதுக் குணம். நோய் அடங்கியதற்கு அத்தாட்சி அல்ல. ரிப்போர்ட்டை மட்டும் நம்பி மாத்திரையைக் குறைத்தால் இறுக்கம் திரும்பும். தோல் இளக மாதங்கள் ஆகும். கையைத் தூக்கினால் ரத்தக்குழாய் ஓடும் வழியில் பள்ளம் விழுகிறதா, கும்பிடும்போது உள்ளங்கைகள் முழுதும் ஒட்டுகின்றனவா, முழங்கை எவ்வளவு நீள்கிறது: மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். ரத்தப் பரிசோதனையைவிட இதற்குத்தான் அதிக மதிப்பு கொடுப்போம். பிசியோதெரபியை முதல் வாரமே தொடங்க வேண்டும். மடங்கி நிலைத்துவிட்ட மூட்டை மாத்திரை நிமிர்த்தாது.

பிரான்சில் 34 நோயாளிகளை வைத்து 2012-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை ரத்தக்குழாய் வழியாகப் பெற்றவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. வேறு மருந்தின் தேவையும் குறைந்தது. நோயைக் கண்டறிய 6 மாதங்களுக்கு மேல் தாமதமானவர்கள் அவ்வளவாகத் தேறவில்லை. பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் தாமதம் பற்றி அது சொல்வதை அலட்சியம் செய்யக் கூடாது.

ஸ்டீராய்டால் மட்டும் அடங்காதவர்களுக்கு நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மீத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைச் சேர்ப்பார்கள். அது வாரத்துக்கு ஒரே நாள். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கிழமையை மாத்திரை அட்டையிலேயே எழுதிவையுங்கள். அதன் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் ஆசிட் வைட்டமின் வேறொரு நாளில்.

ஸ்டீராய்டு தொடங்கும் முன் காசநோய், ஹெபடைடிஸ் பி பரிசோதனை அவசியம். ஸ்ட்ராங்கிலாய்டஸ் குடற்புழுவையும் விட்டுவிடாதீர்கள்: அதுவும் இயோசினோபிலை ஏற்றும், ஸ்டீராய்டு கொடுத்தால் உடலெங்கும் பரவிக் கொல்லவும் செய்யும். எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் முதல் நாளிலிருந்தே வேண்டும். சர்க்கரையைக் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் போதாது. ஸ்டீராய்டால் ஏறும் சர்க்கரை மதியத்துக்கு மேல்தான் பிடிபடும்.

மாத்திரையைச் சட்டென நிறுத்தவே கூடாது. உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டாலோ, அறுவை சிகிச்சைக்குப் போனாலோ, ஸ்டீராய்டு எடுப்பதை முதலில் சொல்லுங்கள். ஊசியாகப் போட வேண்டியிருக்கும்.