ஃப்ராய்டா, பெர்னார்ட் ஷாவா: ஹோம்ஸுக்கு ஏற்ற துணை யார்?

நிக்கோலஸ் மேயர் 1974இல் எழுதிய ‘தி செவன் பர்சென்ட் சொல்யூஷன்’ நாவலில், கோகெய்ன் போதைப் பழக்கத்திலிருந்து மீட்பதற்காகத் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸைத் தந்திரமாக வியன்னாவுக்கு வரவழைக்கிறார் அவருடைய நண்பர் வாட்சன். அங்கே சிகிச்சை அளிப்பவர் உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் ஃப்ராய்ட். 1884இல் கோகெய்னைப் புகழ்ந்து கட்டுரை எழுதிய அதே ஃப்ராய்ட்! பிறர் ரகசியங்களை எல்லாம் அவிழ்த்த ஹோம்ஸ், இங்கே தன் மனத்தையே இன்னொருவர் முன் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கங்கள் அபாரமானவை.

1976இல் வந்த மேயரின் அடுத்த ஹோம்ஸ் நாவலான ‘தி வெஸ்ட் எண்ட் ஹாரர்’ 1895ஆம் ஆண்டின் லண்டன் நாடக உலகில் நடக்கிறது. நாடக விமர்சகர் ஒருவரின் கொலையைத் துப்புத் துலக்கும்படி கேட்டு வருபவர் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா. இன்னொரு நாடகாசிரியர் ஆஸ்கார் வைல்டும், பின்னாளில் ‘டிராகுலா’ எழுதிய பிராம் ஸ்டோக்கரும் வருகிறார்கள். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களில் ஒருவரை நீக்கினாலும் ஹோம்ஸ் மாறமாட்டார்; ஃப்ராய்டை நீக்கினால் முந்தைய நாவலே இல்லை. முதலில் அதையே படியுங்கள்.